விளக்குக்கு வேண்டாத கம்பி

காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீடு. முகப்பில் பாயை விரித்து, அட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார் ஆச்சி. எல்லாம் பித்தளை சுவிட்சுகள். தட்டும் பித்தளை, நடுவில் விரலால் தட்டிவிடும் குமிழும் பித்தளை. சிங்கப்பூரிலிருக்கும் மகன் வாங்கி அனுப்பியது, அறுபதுக்கு மேல் இருக்கும். வீட்டின் பழைய களை கெடாமல் பழுது பார்த்து, நாலைந்து அறைகளை வந்து தங்குகிறவர்களுக்கு விடுவதாக ஏற்பாடு.

"இந்தப் பிளாஸ்டிக்கையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு இதை மாட்டணும்ப்பா. எத்தனை நாள் பிடிக்கும்?"

"முதல்ல சுவிட்சு வரைக்கும் எர்த்து வந்திருக்கான்னு பார்க்கணுங்க ஆச்சி."

"அதெல்லாம் இல்லாமயா இருக்கும்? லைட்டு நல்லாத்தானே எரியுது."

நான் தொழிலுக்கு வந்தது 1980-களின் நடுவில். அன்று முதல் இந்தப் பதிலைக் கேட்டு வருகிறேன். ஆச்சி சொன்னதில் பொய் இல்லை. விளக்கு எரிய ஃபேஸ் ஒன்று, நியூட்ரல் ஒன்று போதும். இரண்டில் எது அறுந்தாலும் விளக்கு அணையும், அடுத்த அரை மணியில் எனக்கு ஆள் வந்துவிடும். எர்த்து கம்பி அறுந்தால் ஒன்றுமே நடக்காது. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், பத்து வருஷம் அறுந்தே கிடந்தாலும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. அதனால் இருப்பதாகவே எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பழைய கை. தேக்குச் சட்டம் அடித்து, அதன்மேல் லிங்க் கிளிப் வைத்து, ரப்பர் உறை போட்ட வயரை நூல் பிடித்ததுபோல் இழுப்பார். சுவிட்சு வருகிற இடத்தில் உருண்டையான மரக்கட்டை, அதற்கு ரவுண்ட் பிளாக் என்று பெயர். அதன்மேல் பீங்கான் அடி வைத்த டம்ளர் சுவிட்சு, அதற்கு மூடியாகக் கறுப்பு பேக்லைட் தொப்பி. கொஞ்சம் வசதியான வீடென்றால் பித்தளைத் தொப்பி. எர்த்துக்கு 14-ம் நம்பர் ஜி.ஐ. கம்பியை வெற்றாகச் சட்டத்தோடு சட்டமாக ஓட்டுவார். அது மெயின் போர்டிலிருந்து கிளம்பி மூணு முனை பிளக்கு வரை போகும். அங்கேயே நின்றுவிடும். சுவிட்சுக்கும் போகாது, விளக்குக்கும் போகாது.

ஏன் அப்படி என்று வயர்மேன் பரீட்சைக்குப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்போது நடைமுறையில் இருந்தது 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகள். உலோகக் கூடு எதுவானாலும் எர்த்து செய்ய வேண்டும் என்று 61-ம் விதி கறாராகச் சொல்லும். உடனே ஒரு சலுகையும் கொடுக்கும். சாதாரண வீட்டு வோல்டேஜில் சுவிட்சு, சீலிங் ஃபேன், சுவர் விளக்கு மாதிரியானவற்றுக்கு, அவற்றில் எர்த்து ஸ்க்ரூ வைத்துச் செய்திருந்தால் ஒழிய, இது பொருந்தாது. பிளக்குகளை மட்டும் மூணு முனையாகப் போட்டு, மூணாவது முனையை ஒழுங்காக எர்த்து செய்யச் சொன்னது. அன்றைய கணக்கில் அதில் நியாயம் இருந்தது. காய்ந்த தேக்குக்கட்டையில், ஆள் உயரத்தில், பேக்லைட் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கும் சுவிட்சு யாரையும் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தச் சலுகையை நம்பி இழுத்த வயரிங் இன்னும் ஆயிரக்கணக்கான வீடுகளில் அப்படியே இருக்கிறது. அதன் நுனியில் இன்றைக்கு உலோகத் தட்டைக் கொண்டுபோய் மாட்டுகிறோம். கட்டை போய், சுவரில் புதைத்த இரும்பு பாக்ஸ் வந்துவிட்டது.

தட்டில் கரண்டு எப்படி வரும் என்று கேட்பார்கள். பெரிய கோளாறு ஒன்றும் வேண்டாம். பல இழை வயரை முறுக்காமல் டெர்மினலில் சொருகினால் ஒரு இழை வெளியே மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும், தட்டை அழுத்தும்போது அதன் முதுகில் படும். பாக்ஸுக்குள் வயரை மடித்துத் திணித்து ஸ்க்ரூவைத் திருகினால், ஸ்க்ரூவின் முனை வயரின் தோலைக் குத்தும். பழைய ரப்பர் தோலானால் தொட்டாலே அப்பளமாக உதிரும். அதோடு ஐப்பசி மழையில் ஊறிய சுவர் வேறு.

அதன்பிறகு அந்தத் தட்டு 230 வோல்ட்டில் காத்துக்கொண்டிருக்கும். ஃபியூஸ் போகாது, ஏனென்றால் கரண்டு எங்கும் ஓடவில்லை. ஓட வழியில்லை. ஈரக் கையோடு, வெறுங்காலோடு ஒருவர் வந்து தொடுகிறபோதுதான் அதற்கு வழி கிடைக்கிறது. அந்த நிலையில் உடம்பின் தடையை ஆயிரம் ஓம் என்று கணக்கு வைத்தால் 230 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே நெஞ்சுக்கு ஆபத்து என்றுதான் பாதுகாப்புக் கருவிகளை அந்த அளவுக்குச் செய்கிறார்கள். எர்த்து இழுக்காத வீட்டில் எர்த்து கம்பி யார் என்றால், அந்தத் தட்டைத் தொடுகிறவர்தான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே நானும் ஒருமுறை தப்புப் பண்ணியிருக்கிறேன்.

இருபது வருஷத்துக்கு முன்பு. ஒரு வீட்டின் கூடத்துக்கு மினுமினுக்கிற உலோகத் தட்டு போட வேண்டும் என்றார்கள். நான் சும்மா மாட்டவில்லை. ஒவ்வொரு பாக்ஸுக்கும் பச்சை வயர் இழுத்து, உள்ளே இருக்கும் எர்த்து ஸ்க்ரூவில் இறுக்கினேன். தட்டை இரண்டு ஸ்க்ரூ போட்டு பாக்ஸோடு முடுக்கினேன். பாக்ஸுக்கு எர்த்து இருக்கிறது, தட்டு பாக்ஸில் இறுகியிருக்கிறது, அப்புறம் என்ன என்று கணக்குத் தீர்த்துவிட்டு வந்தேன். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், வீட்டு வேலை செய்கிற அம்மா ஈரத் துணியால் தட்டைத் துடைத்திருக்கிறார். சுரீரென்று இழுத்து உதறிவிட்டது. மரப்பலகைமேல் ஏறி நின்று துடைத்ததால் பிழைத்தார்.

ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தேன். எர்த்து பாருக்கும் பாக்ஸுக்கும் நடுவே அரை ஓம்கூட இல்லை. அற்புதம். அதே முள்ளைத் தட்டில் வைத்தேன். ஒன்றுமில்லை, மீட்டர் செத்தது மாதிரி நின்றது. தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன். மினுமினுப்பு மங்காமல் இருக்க அதன் உடம்பு முழுக்க, முதுகு உட்பட, கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூச்சு. ஸ்க்ரூத் தலையிலும் அதே பூச்சு. பாக்ஸ் காதின் மரைக்குள் கொத்தனார் பூசிய சிமென்ட் பொருக்கு. உலோகமும் உலோகமும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தும் நடுவே கரண்டு போக வழியில்லை. பின்னாலிருந்து நான் இழுத்து முறுக்காமல் விட்ட ஒரே ஒரு இழை ஃபேஸைக் கொண்டுவந்து தட்டில் சேர்த்திருக்கிறது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லாத்தான் மாட்டியிருக்க தம்பி, கை இன்னும் விறுவிறுங்குது" என்றார். திட்டியிருக்கலாம்.

மெயின் போர்டிலிருந்து எழுபது எண்பது அடி பச்சை வயர் இழுத்து, கடைசி அரை அங்குலத்தில் கோட்டை விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து பாக்ஸின் எர்த்தை நம்பித் தட்டை விடுவதில்லை. பாக்ஸிலிருந்து தட்டுக்குத் தனியாக ஒரு துண்டுப் பச்சை வயர். தட்டைக் கழற்றிக் கையில் பிடித்துப் பார்க்கிற அளவு நீளம் விட்டு, நுனியில் வளைய லக் நசுக்கி, பல் வாஷர் வைத்துத் தட்டின் எர்த்து ஸ்க்ரூவில் பிடிப்பேன். பல் வாஷர் பூச்சைக் கடித்துக்கொண்டு உலோகத்தில் இறங்கும். பூச்சு தடியாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுவேன். அடுத்த பாக்ஸுக்குப் போகும் எர்த்து வயரை ஸ்க்ரூவில் வெட்டித் தனித்தனியாகச் செருகுவதில்லை. வருவதையும் போவதையும் ஒன்றாக முறுக்கி ஒரே பிடியில் வைப்பேன். நாளைக்கு யாரோ ஒருவர் இந்தச் சுவிட்சை மாற்றக் கழற்றும்போது, அடுத்த அறைகளுக்குப் போகும் எர்த்து அறுந்துவிடக் கூடாது. முடித்தபின் மீட்டர் முள்ளைத் தட்டில் வைப்பேன், தட்டைப் பிடித்த ஸ்க்ரூத் தலையில் வைப்பேன், அப்புறம் குமிழில் வைப்பேன். குமிழ் மேலே இருக்கும்போது ஒருமுறை, கீழே இருக்கும்போது ஒருமுறை. விரல் படுவது அங்கேதான். தட்டு எர்த்தாகி, குமிழ் மட்டும் அந்தரத்தில் நிற்கிற சுவிட்சுகளைக் கண்டிருக்கிறேன்.

எர்த்து ஸ்க்ரூ வைக்காமல் செய்த உலோகத் தட்டை நான் மாட்டுவதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அழகழகான பித்தளைத் தொப்பிகள் கிடைக்கும். வாங்கிவந்து மாட்டச் சொல்வார்கள். உள்ளே ஒட்டியிருந்த அட்டை உதிர்ந்துபோயிருக்கும், எர்த்துக்கு இடமே இருக்காது. அலமாரியில் வையுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஆச்சி வீட்டுக்கு வருகிறேன். சிங்கப்பூர்த் தட்டுகளில் எர்த்து ஸ்க்ரூ ஒழுங்காக இருந்தது. வயர்தான் இல்லை. பிளக்குகளுக்கு மட்டும் பழைய ஜி.ஐ. கம்பி. அதைப் பிடித்துக்கொண்டே போனால் கொல்லையில் ஒரு குழி.

குழியைச் சோதிக்க எங்கள் காலத்தில் டெஸ்ட் லாம்ப்தான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் போடு, எரிந்தால் எர்த்து நல்லது. நானும் ரொம்ப நாள் அதைத்தான் வேதம் என்று நம்பினேன். இங்கேயும் போட்டேன், 60 வாட்ஸ் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது. பிறகு எர்த்து டெஸ்டரை எடுத்து, கொல்லையைத் தாண்டிச் சந்தில் இரண்டு முளை அடித்து அளந்தால் 38 ஓம். பல்பு ஏன் பொய் சொன்னது? அந்தப் பல்புக்கே கிட்டத்தட்ட 880 ஓம் தடை. அது இழுப்பது கால் ஆம்பியர். வழியில் இன்னொரு 38 ஓம் இருப்பது அதற்கு உறைக்காது. பத்து வோல்ட்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது.

இப்போது அந்த 38 ஓம் எர்த்தை நம்பித் தட்டை மாட்டினால் என்ன ஆகும்? ஃபேஸ் தட்டில் பட்டதும் கரண்டு குழி வழியாக மண்ணுக்குள் இறங்கி, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு ஓம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 39. 230-ஐ வகுத்தால் ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. விளக்குக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் எம்சிபி அதைச் சொந்தக்காரன் மாதிரி உட்காரவைத்துச் சோறு போடும். விழவே விழாது. தட்டில் 220 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கும். எர்த்து இருக்கிறது, ஆனாலும் அடிக்கும்.

எங்கள் பக்கம் செம்புறை மண். வெயில் காலத்தில் கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அந்தக் குழியில் இருந்தது 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரி, உப்பு. உப்பு மழையில் கரைந்து எப்போதோ போய்விட்டது, போகிற போக்கில் குழாயையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. செம்புக் கம்பியை நேரடியாக, துத்தநாகம் பூசிய அந்த ஜி.ஐ. குழாயில் சுற்றி மண்ணுக்குள்ளேயே புதைத்திருந்தார்கள். ஈரத்தில் இரண்டு உலோகம் சேர்ந்தால் ஒன்று மற்றதை அரிக்கும். அரிமானத்தை ஆராய்வதற்கென்றே பெரிய பிரிவு வைத்திருக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. அதன் மதில் ஓரமாகவே தினமும் சைக்கிளில் போய்க்கொண்டு, நாங்கள் பாட்டுக்குச் செம்பையும் துத்தநாகத்தையும் உப்புக்குள் புதைத்துக்கொண்டிருந்தோம்.

பழைய குழியை வெட்டி, புதுக் குழாய் இறக்கி, உப்புக்குப் பதில் பென்டோனைட் மாவைக் குழைத்து ஊற்றினேன். 21 ஓம் வந்தது. அதிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒன்று, அங்கிருந்து இன்னொரு பதினைந்து அடியில் இன்னொன்று. நெருக்கிப் போட்டால் பிரயோஜனமில்லை. ஒரே மண்ணை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும். மூன்றையும் ஜி.ஐ. பட்டையால் இணைத்து, செம்பு சேருகிற இடத்தை மண்ணுக்கு மேலே கொண்டுவந்தேன். 9 ஓம். அந்த மண்ணுக்கு அது நல்ல எண். ஆனால் அதிலும் 23 ஆம்பியர்தான் ஓடும், 6 ஆம்பியர் எம்சிபி விழச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும்.

அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. கணக்கு உதைத்தால் அரை நொடிக்குள் ஆளைக் கேட்காமல் அணைத்துவிடும். அது இருந்தால் எர்த்தே வேண்டாமே என்று சில இளம் பையன்கள் கேட்கிறார்கள். எர்த்து இருந்தால் இழை தட்டில் பட்ட அந்தக் கணமே ஆர்சிசிபி விழும். ராத்திரி எல்லோரும் தூங்கும்போதே விழுந்திருக்கும். எர்த்து இல்லாவிட்டால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும். பெரும்பாலும் பிழைப்பார். அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லை நான் விலைக்கு விற்பதில்லை.

மாட்டியதும் இரண்டு நாள் அது என்னைத் தூங்கவிடவில்லை. மாடிப்படி விளக்கைப் போட்டால் வீடே அணையும். தேடிப் பார்த்தால், ஃபேஸ் கீழ் சர்க்யூட்டிலிருந்து, நியூட்ரல் பக்கத்து போர்டிலிருந்து. வயர் மிச்சம் பிடிக்க யாரோ பழைய ஆள் கடன் வாங்கிய நியூட்ரல். அதைப் பிரித்தெடுக்கத்தான் நேரமானது.

வேறு ஒரு கடன் வேலையும் நடக்கும். எர்த்து கேட்கிற வீட்டுக்காரரைச் சமாளிக்க, பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் லாம்ப் ஜோராக எரியும். என்றைக்காவது நியூட்ரல் விட்டுப்போனால், எரிகிற பல்பு வழியாக வந்த ஃபேஸ் அந்த வீட்டின் அத்தனை உலோகத்திலும் ஏறும். அதைச் செய்கிறவனைத் தொழிலாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பச்சை வயரைச் சுவிட்சுக்குக் கொண்டுபோவதுதான் ஆச்சி வீட்டில் பெரும்பாடு. சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கன்னத்தை வைத்தால் குளிரும். "உளி பட்டா உன் கையை உடைச்சிடுவேன்" என்று முதல் நாளே ஆச்சி சொல்லிவிட்டார். மச்சில் ஏறி, பர்மா தேக்கு உத்தரத்துக்கு மேலே பழைய சட்டம் ஓடுகிற வழியைப் பிடித்தோம். பழைய ரப்பர் வயரைக் கழற்றிவிட்டு ஃபேஸ், நியூட்ரல், பச்சை மூன்றையும் புதிதாகச் சேர்த்து இழுத்தோம். சுவிட்சுக்கு இறங்குகிற இடத்தில் தேக்கிலேயே மூடி போட்ட சட்டம். பெரிய பாக்ஸைப் புதைக்காமல், மரப்பெட்டிக்குள் இரும்பு பாக்ஸை வைத்து மேலேயே உட்காரவைத்தோம்.

இரண்டு அறைகளில் முடியவில்லை. எப்போதோ நடுவில் செய்த வேலை, சுவருக்குள் இரும்புக் குழாயில் வயர் போகிறது. ஸ்பிரிங் விட்டேன், பாதியில் நின்றது. அந்த இரும்புக் குழாயையே எர்த்தாக வைத்துக்கொண்டால் என்ன என்று கூட வேலை செய்த பையன் கேட்டான். மீட்டரை வைத்துப் பார்த்தோம். 4 ஓம் காட்டியது. குழாயைத் தட்டினால் 11, இன்னொரு தட்டுக்கு 2. உள்ளே எந்த மூட்டோ துருப்பிடித்து ஆடுகிறது. அதை நம்ப முடியாது.

"ஆச்சி, இந்த ரெண்டு ரூமுக்குப் பித்தளை வேண்டாம். கறுப்பு பேக்லைட் போடுறேன். உலோகமே இல்லாத சுவிட்சு, எர்த்து கேட்காது."

"எல்லா ரூமும் பித்தளையா இருக்க, ரெண்டு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உன் கூலிக்கு மேல தர்றேன், எப்படியாவது இழுத்துவிடு."

"இழுக்கணும்னா சுவரைத்தான் வெட்டணும்."

சுவரைத் தடவிப் பார்த்தார். அப்புறம் மகனுக்கு போன் போட்டார். "ஆத்தா, வயர்மேன் சொல்றபடி விடுங்க" என்று அங்கிருந்து குரல் கேட்டது. அந்த இரண்டு அறைக்கும் கறுப்புத் தொப்பியே போட்டேன். மிச்சமான எட்டுப் பித்தளையையும் துணியில் சுற்றி ஆச்சி இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டார். என்னோடு நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரைக் கத்தரியில், மண் நன்றாகக் காய்ந்திருக்கிற சமயமாகப் பார்த்து அளவெடுக்கப் போவேன். மழைக்காலத்தில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்துதான். போன வருஷம் போனபோது, 12 ஓமுக்காவது ஏறியிருக்கும் என்று நினைத்து முளை அடித்தேன். 10 ஓம். குழியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஈரம்.

"யாருங்க ஆச்சி தண்ணி ஊத்துறது?"

"நீதானே சொன்ன, வெயில்ல ஊத்தச் சொல்லி. துளசிக்கு ஊத்துறப்ப அதுக்கும் ஒரு செம்பு ஊத்தச் சொல்லியிருக்கேன்."

மூடியை மூடிவிட்டு உள்ளே போய் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. வீடு இருண்டு, சமையல்கட்டிலிருந்து மிக்சி நின்றதற்கு ஒரு சத்தம் வந்தது.

"சொல்லிட்டு அணைக்க மாட்டியாப்பா?" என்றார் ஆச்சி.